பூமிக்குள்ளே ஓடும் கரண்டும் நம்ம தெரு போர் தண்ணியும்

(கொருக்குப்பேட்டையில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பேசியதன் எழுத்து வடிவம். அவர் நிலவியல் படித்து, பூமி ஆய்வுக் குழுக்களில் களப் பணியாளராக வேலை பார்த்தவர். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. போன வாரம் அம்மா சொன்னாங்க, "மூணு குழு சேர்ந்து பொது போர் போட கடன் கேட்டு மனு கொடுத்திருக்காங்க. ஒரு லட்சத்து இருபதாயிரம். தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி நீ வந்து நாலு வார்த்தை சொல்லு" என்று. அதனால்தான் வந்தேன். கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் தீர்மானப் புத்தகம். எனக்குத் தெரிந்த விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மனுவோடு ஒரு காகிதம் இணைத்திருக்கிறார்கள். கலர் படம். ஒருத்தர் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, தெருவில் இரண்டு கம்பியைக் குத்திக் குத்தி நகர்த்தி எடுத்த படம். பூமிக்குள் இயற்கையாகவே கரண்ட் ஓடுகிறது, அதை இந்த மெஷின் பிடிக்கும், நீல நிறம் வந்தால் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார். 180 அடியில் நல்ல நீலம் காட்டியிருக்கிறது.

அந்த ஆள் சொன்னதில் முதல் பாதி பொய் இல்லீங்க. பூமிக்குள் இயற்கையாகவே கரண்ட் ஓடுவது உண்மை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது உண்மையாக இருப்பதால்தான் மீதியையும் நாம் நம்பி விடுகிறோம்.

1859 செப்டம்பரில் சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று நடந்தது. அதன் தாக்கம் பூமிக்கு வந்தபோது அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லேண்டுக்கும் நடுவில் தந்தி அடிக்கிறவர்கள் பேட்டரியைக் கழட்டி வைத்துவிட்டு, தரையில் ஓடிய கரண்டிலேயே தந்தி அடித்தார்கள். நம்ம நாட்டில் பம்பாய் கொலாபாவில் இருந்த காந்த ஆய்வுக்கூடத்திலும் அன்றைக்குக் காந்த முள் தாறுமாறாக ஆடியது பதிவாகி இருக்கிறது. 1989 மார்ச்சில் கனடாவில் கியூபெக் மாகாணம் முழுக்க ஒன்பது மணி நேரம் கரண்ட் போனதும் இதே காரணத்தால்தான். 2024 மே மாதம் அப்படி ஒரு சூரியப் புயல் வந்தபோது லடாக்கில் ஹான்லே என்ற ஊரில் இரவு வானம் சிவந்து தெரிந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம்.

புயல் இல்லாத நாளிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது, சின்ன அளவில். சூரியனிலிருந்து வரும் காற்று ஒரு பக்கம். உலகத்தில் எங்கேயாவது அடித்துக்கொண்டே இருக்கும் மின்னல் இன்னொரு பக்கம். இந்த இரண்டும் பூமியைச் சுற்றியிருக்கும் காந்தப் புலத்தை லேசாக ஆட்டுகின்றன. காந்தம் ஆடினால் பக்கத்தில் இருக்கிற, கரண்டைக் கடத்துகிற பொருளில் கரண்ட் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் நடப்பதும் அதுதான். இங்கே கம்பிச்சுருளுக்குப் பதில் பூமி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. காந்த நடுக்கோடு என்று ஒன்று நம் நாட்டின் தென்கோடிப் பக்கம் போகிறது. அதன் மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு பெரிய மின்னோட்டம் ஆறு மாதிரி கிழக்கே ஓடுகிறது. தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட் விட இடம் பார்த்தபோது, அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். திருநெல்வேலி பக்கத்தில் இந்திய புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் இதற்காகத்தான். 1970-களின் கடைசியிலும் 80-களிலும் தென்னிந்தியாவில் பல இடங்களில் காந்தமானிகளை வைத்துப் பார்த்தார்கள். அப்போது ஒன்று தெரிய வந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில், பாக் நீரிணையில், இந்த இயற்கைக் கரண்ட் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் கரண்டை லேசில் விடாத கெட்டிப் பாறை. நடுவில் உப்புக் கடல், அதற்கு அடியிலும் கரண்ட் போகும்படியான ஏதோ ஒன்று. நம்ம மூலகொத்தளம் பாலத்தில் காலையில் வண்டியெல்லாம் ஒரே வழியாக நெருக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதை வைத்து பூமிக்குள் எப்படிப் பார்க்கிறார்கள்?

நான் போன வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன். தரையில் பிளஸ் குறி மாதிரி ஒயர் இழுப்போம், ஒவ்வொரு கையும் 40, 50 மீட்டர். முனைகளில் சாதாரண இரும்புக் கம்பி குத்த மாட்டோம். இரும்பு மண்ணோடு சேர்ந்தால் தானே ஒரு கரண்டை உண்டாக்கி ஏமாற்றும். அதனால் தண்ணி லேசாகக் கசியும் குடுவையில் உப்புக் கரைசல் ஊற்றிப் புதைப்போம். பழைய முறையில் மயில்துத்தக் கரைசலில் செம்புக் கம்பி. பக்கத்தில் காந்தச் சுருளைக் குழி தோண்டி, ரசமட்டம் வைத்து, மண் போட்டு மூடுவோம். காற்று அடித்து அது ஆடினாலும் கணக்கு தப்பு. அப்புறம் பெட்டியை ஆன் செய்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவோம். ஆழமாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஆடு மேய்க்கிறவர்களிடம் கெஞ்சி ஒயரைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. ஒரு தடவை நரி கடித்து ஒயர் போனது.

காந்தம் எவ்வளவு ஆடியது, தரையில் கரண்ட் எவ்வளவு பிறந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடியில் இருப்பது கரண்டை விடுகிற பொருளா, விடாத பொருளா என்று தெரியும். எவ்வளவு ஆழம்? அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர் வைக்கிறார்கள் இல்லையா, நாலு தெரு தள்ளிப் படுத்திருந்தால் பாட்டு வார்த்தை காதில் விழாது, டம் டம் என்ற அடி மட்டும் கேட்கும். வேகமாக அதிர்வது சீக்கிரம் செத்துவிடும், மெதுவாக அதிர்வது தூரம் போகும். பூமிக்குள்ளும் அப்படித்தான். சாதாரணமான தரையில் நொடிக்கு 100 முறை ஆடும் சிக்னல் சுமார் 500 மீட்டர் வரை போகும். நொடிக்கு ஒரு முறை ஆடுவது 5 கிலோமீட்டர் போகும். நூறு நொடிக்கு ஒரு முறை ஆடுவது 50 கிலோமீட்டர் வரைகூடப் போகும்.

ரஷ்யாவில் டிகோனோவ் என்பவரும் பிரான்சில் கன்யார் என்பவரும் 1950-களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இதை வைத்து லடாக்கில் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுக்கு அடியில் சூடு எங்கே இருக்கிறது என்று தேடியது. குப்பத்திலிருந்து பழனி வரைக்கும் ஒரு கோடு போட்டு நம்ம மாநிலத்துக்கு அடியில் பாறை எப்படி அமைந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். பெரிய வேலை. இதை எவனாவது ஏமாற்று வேலை என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஆனால் நம்ம கொருக்குப்பேட்டையில்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

நான் சொன்ன இயற்கை சிக்னல் ரொம்ப ரொம்பச் சின்னது. அதைக் கேட்க ஊர் அமைதியாக இருக்க வேண்டும். எங்கள் குழு ரயில் லைன், ஹைடென்ஷன் கம்பி இவற்றிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய்த்தான் இடம் பிடிக்கும். பம்பாய் கொலாபாவில் 1841 முதல் நடந்த காந்த ஆய்வுக்கூடத்தையே, ஊருக்குள் எலக்ட்ரிக் டிராம் விடப் போகிறார்கள் என்றதும் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாக்குக்கு மாற்றினார்கள். 1904-ல் அங்கே வேலை தொடங்கியது. டிராமுக்கே அப்படி என்றால் நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி லைன், 25 ஆயிரம் வோல்ட். கூட்ஸ் யார்டு. எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் டவர் லைன். தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறை. தரைக்கடியில் ஈ.பி. கேபிள். ஒவ்வொரு வீட்டிலும் எர்த் கம்பி. இதற்கு நடுவில் பட்டப்பகலில் கம்பியைக் குத்தி நூறு மீட்டர் தெருவை அரை மணி நேரத்தில் முடித்தால், அந்தப் பெட்டி கேட்டது பூமியை இல்லை, ஈ.பி.யை. கல்யாண மண்டபத்தில் பேண்டு அடிக்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை முனகுவதைக் கேட்டேன் என்று சொல்கிற மாதிரி.

சரி, பெட்டி உண்மையாகவே பூமியைத்தான் பார்த்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல். இது முதல் சிக்கலைவிடப் பெரியது.

இந்தக் கருவி எதுவும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. கரண்ட் சுலபமாகப் போகிற இடத்தைத்தான் பார்க்கிறது. தர்மபுரியிலோ கோயம்புத்தூர் பக்கமோ அடியில் கருங்கல். காய்ந்த கருங்கல்லில் கரண்ட் போகாது. அதில் விரிசல் இருந்து தண்ணீர் நின்றால் அங்கே மட்டும் போகும். அதனால் அங்கே "கரண்ட் போகும் இடம் தண்ணி" என்பது ஓரளவு சரி. நம்ம ஊரில் மணலும் களிமண்ணும் மாறி மாறி இருக்கிறது. கடல் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கடல் தண்ணி, நல்ல குழாய்த் தண்ணியைவிட நூறு மடங்கு கரண்டை விடும். களிமண்ணும் நன்றாக விடும். அப்படியென்றால் இங்கே பெட்டி எதைக் காட்டும்? இருப்பதிலேயே நல்ல நீலம் எங்கே வரும்?

(கூட்டத்தில் ஒரு அம்மா: "உப்புத் தண்ணியிலதாம்மா வரும்!")

ஆமாம்மா. அதுதான். கருங்கல் ஊருக்குச் செய்த கலர் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வந்தால், எது ரொம்ப உப்போ அதைத்தான் ரொம்ப நல்ல தண்ணி என்று காட்டும். மெஷின் பொய் சொல்லவில்லை. படிக்கிறவர்தான் தப்பாகப் படிக்கிறார். தெரிந்தே செய்கிறாரா, தெரியாமலா, எனக்குத் தெரியாது. அவரும் கடன் வாங்கித்தான் அந்தப் பெட்டியை வாங்கியிருப்பார்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அம்மா குழுவில் நாற்பதாயிரம் உள்கடன் எடுத்து எங்கள் சந்தில் போர் போட்டார்கள். அப்போது பெட்டி இல்லை. ஒரு பெரியவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போட்டார்கள். முதல் வாரம் தண்ணி நன்றாகத்தான் வந்தது. எல்லோருக்கும் பாயசம் கொடுத்தோம். மூன்றாவது மாதம் துணி துவைத்தால் சோப்பு நுரைக்கவில்லை. ஆறாவது மாதம் வாயில் வைக்க முடியவில்லை. மோட்டாரும் துருப்பிடித்துப் போனது. அம்மா அதற்கப்புறமும் ஒன்றரை வருடம் தவணை கட்டினாங்க. இட்லிக் கடையில் வந்த காசு. குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடுவதும் நிற்கவில்லை, தவணையும் நிற்கவில்லை. நான் நிலவியல் படிக்கப் போனதற்கு அந்தப் போர் ஒரு காரணம் என்று சொன்னால் அம்மா சிரிப்பாங்க.

முதல் வாரம் நன்றாக வந்து அப்புறம் ஏன் உப்பானது? கடலோரத்தில் மழைத் தண்ணி லேசானது என்பதால், கனமான உப்புத் தண்ணி மேல் மிதந்துகொண்டு நிற்கும், பாலில் ஆடை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் அது கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். நாம் மோட்டார் போட்டு இழுக்க இழுக்க அடியிலிருந்து உப்பு எழும்பி வரும். ஆகவே இங்கே இன்னும் ஆழமாகப் போனால் நல்ல தண்ணி என்பது பல இடத்தில் தலைகீழ். 180 அடி என்று காகிதத்தில் பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

இது நம்ம சந்துக் கதை மட்டும் இல்லை. வடக்கே மீஞ்சூரில் பெரிய அளவில் நடந்தது. 1960-களின் கடைசியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் பக்கம் ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்றுப் பகுதிகளைக் கண்டுபிடித்து மெட்ராசுக்குத் தண்ணி எடுத்தார்கள். ஆலைகளும் குடித்தன, ஊரும் குடித்தது. 1969 வாக்கில் கடல் தண்ணி நிலத்தடியில் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்தது. 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர். அதற்கப்புறமும் ஏறிக்கொண்டேதான் போனது. நெல் போட்டவர்கள் நிலத்தைச் சும்மா போட்டார்கள். அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறார்கள். தரையில் வரிசையாகக் கம்பிகள் நட்டு, தாங்களே அளவாகக் கரண்ட் செலுத்தி, எங்கே உப்பு கலந்திருக்கிறது என்று படம் எடுத்தார்கள். அந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது.

கவனிச்சீங்களா? அவர்கள் இயற்கைக் கரண்டுக்குக் காத்திருக்கவில்லை. தாங்களே செலுத்தினார்கள். சத்தம் உள்ள ஊரில் அதுதான் ஓரளவு நம்பக்கூடிய வழி. கூடவே கிணறுகளில் தண்ணி எடுத்துச் சோதித்து, படத்தில் காட்டும் இடமும் பாட்டிலில் இருக்கும் தண்ணியும் ஒத்துப் போகிறதா என்று பார்த்தார்கள். எந்த மெஷினாக இருந்தாலும் இந்த இரண்டாவது வேலை இல்லாமல் அந்தப் படத்துக்கு மதிப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் தண்டையார்பேட்டையில் சில வீட்டுப் போரில் தண்ணியோடு பெட்ரோல் வாடை வந்தது, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி விஷயத்தை நீலமும் சிவப்பும் சொல்லாது. சாக்கடை கலந்திருப்பதையும் சொல்லாது. அதற்கு லேப்தான்.

இப்போது மனு கொடுத்த மூணு குழு அக்காக்களுக்கு. என் மேல் கோபப்படாதீங்க. தண்ணிக்காக நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தபோது வடசென்னைக்குக் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தோம். இன்னும் உங்கள் தெருக் கடைசி வீட்டுக் குழாய் காற்றைத்தான் விடுகிறது. போர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் கம்பெனிக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். உங்கள் மெஷின் தானே கரண்ட் அனுப்புகிறதா, இல்லை இருப்பதைப் பிடிக்கிறதா? களிமண்ணையும் உப்புத் தண்ணியையும் நல்ல தண்ணியையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்? கொருக்குப்பேட்டைக்குள் நீங்கள் போட்ட வேற போர் எங்கே, இப்போது தண்ணி எப்படி இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா? உப்பு வந்தால் பணத்தில் பாதியாவது திரும்பத் தருவதாக எழுதிக் கொடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், அதுவும் ஒரு அளவுகோல்.

மெட்ரோ வாட்டரில் நிலத்தடி நீர் பார்க்கிற அலுவலர்கள் இருக்கிறார்கள். சென்னையில் போர் போட 1987-ம் வருடச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்குப் போகும்போதே, எங்கள் பகுதியில் எத்தனை அடியில் எப்படித் தண்ணி என்று கேளுங்கள். தனியாகப் போகாமல் கூட்டமைப்பு லெட்டர்பேடில் எழுதி, மூணு பேராகப் போங்கள்.

(ஒரு உறுப்பினர்: "இன்னாம்மா, ஆர்.ஓ. மெஷின் வெச்சுக்கினா உப்பு எடுத்துடும்ல?")

நல்ல கேள்வி அக்கா. எடுக்கும். ஆனால் எவ்வளவு உப்பு என்பதில் இருக்கிறது. குடிக்கிற தண்ணியில் ஒரு லிட்டருக்குக் கரைந்த உப்பு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம் என்று விதி. கடல் தண்ணியில் 35 ஆயிரம். உங்கள் போர் 2000, 3000-ல் இருந்தால் சாதாரண மெஷின் சமாளிக்கும், ஆனால் நிறைய தண்ணி கழிவாகப் போகும். பத்தாயிரத்தைத் தாண்டினால் அந்த மெஷினின் ஃபில்டர் தாங்காது. மாற்றுகிற செலவு, கரண்ட் பில் எல்லாம் யார் தலையில்? மனுவில் அந்தக் கணக்கு இல்லை. நான் பார்த்தேன்.

இன்னொரு அக்கா அப்போதே கேட்டாங்க, அப்படியானால் மழைநீர் சேகரிப்பு எதற்கு, அதுவும் வீண்தானா என்று. வீண் இல்லீங்க. நான் சொன்ன அந்த ஆடையைத் தடிமனாக்குவது அதுதான். 2003-ல் எல்லா வீட்டிலும் கட்டாயம் ஆக்கியபோது வைத்த குழாயில் பாதி இன்றைக்கு மண் அடைத்துக் கிடக்கிறது. மூணு தெருவில் அதைத் தோண்டிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு, இந்தக் கடனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கும் போர், அடிபம்பு, பழைய கிணறு, எல்லாவற்றிலிருந்தும் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணி பிடித்துக் கொடுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள், பாட்டிலை அதே தண்ணியில் மூணு தடவை அலசுங்கள். தெருப் பெயர், எத்தனை அடி, பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். உப்பு அளக்கும் சின்ன மீட்டர் என்னிடம் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. சந்தேகமாக இருப்பதை மட்டும் லேபுக்கு அனுப்புவோம். இருபது பாட்டில் கிடைத்தால், எந்தத் தெருவில் எத்தனை அடியில் உப்பு என்று நம்ம கூட்டமைப்புக்கே ஒரு படம் போட்டுவிடலாம். அந்த 180 அடி நீலத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்துப் போரிலிருந்து முதல் பாட்டிலை அம்மா காலையிலேயே பிடித்து வைத்துவிட்டாங்க. வெளியே மேஜை மேல் இருக்கிறது. போகும்போது நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், விழுங்காதீங்க.